ஒரு நகல் கீழே இருக்கட்டும்

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை கேட்ட கேள்வி இது:

"இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. நான்கு வருடமாக எஸ்டேட் லைன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் பெரியவர்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து வருகிறேன். அவர்கள் பத்திரமாக வைத்திருக்கும் பழைய காகிதங்களையும் ஸ்கேன் செய்கிறேன். மொத்தம் 180 ஜிபி. லேப்டாப் நிறைந்துவிட்டதால் எல்லாவற்றையும் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்கில் போட்டு பேக்கப் எடுத்துவிட்டு, லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டேன். கூகுள் டிரைவிலும் கொஞ்சம் இருக்கிறது. ஆனாலும் அடிக்கடி பேக்கப் எடுக்கச் சொல்கிறார்கள். இதற்கு மேலும் அவசியமா? இங்கே நெட் ரொம்ப மெதுவு, கரண்ட்டும் அடிக்கடி போகும்."

டீச்சர், அவசியம். அதைவிட முக்கியமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரைவில் இருக்கும் கொஞ்சத்தைத் தவிர, உங்களிடம் இப்போது பேக்கப்பே இல்லை.

லேப்டாப்பில் இருந்ததை டிஸ்கில் போட்டீர்கள். இடம் வேண்டும் என்பதற்காக லேப்டாப்பில் இருந்ததை அழித்துவிட்டீர்கள். முன்பு லேப்டாப்பில் ஒன்று இருந்தது, இப்போது டிஸ்கில் ஒன்று இருக்கிறது. பொருள் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவதாக ஒன்று இருந்தால்தான் அதற்குப் பேக்கப் என்று பெயர். குன்னூரில் 20 வருடத்துக்கும் மேலாக கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். "பேக்கப் டிஸ்க் ஓட மாட்டேங்குது" என்று கையில் பிடித்துக்கொண்டு வருபவர்களிடம் "ஒரிஜினல் எங்கே?" என்று கேட்டால், பெரும்பாலும் "அதுலதான் எல்லாமே இருக்கு" என்ற பதில்தான் வரும். கடையில் அதை பேக்கப் டிஸ்க் என்ற பெயரில் விற்பதால், அதில் போட்டதெல்லாம் பேக்கப் ஆகிவிட்டது என்று நல்ல படிப்பாளிகளும் நம்பிவிடுகிறார்கள். உங்கள் மேல் தவறில்லை. ஆனால் இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்த டிஸ்குக்கு ஒரு ஜோடி வாங்க ஏற்பாடு செய்யுங்கள்.

அந்த டிஸ்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நான் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்பது புரியும். உள்ளே கண்ணாடி போலப் பளபளக்கும் தட்டு, நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதன்மேல் ஒரு சின்ன முனை, தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி எழுதுகிறது, படிக்கிறது. ஒரு தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அந்த இடைவெளி இருக்காது. சுற்றிக்கொண்டிருக்கும்போது மேஜையிலிருந்து ஒரு தடவை விழுந்தால் போதும், முனை தட்டில் உரசிவிடும். விழாமலே இருந்தாலும் மோட்டார், பேரிங், சர்க்யூட் போர்டு என்று தேயக்கூடிய பாகங்கள் இருக்கின்றன. சில டிஸ்க் பத்து வருடம் ஓடுகிறது, சில ஒரே வருடத்தில் நின்றுவிடுகிறது. எது எப்போது நிற்கும் என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வாங்கினால் இந்தப் பயம் இல்லையே என்று கேட்பீர்கள். விழுந்தால் தாங்கும், உண்மைதான். ஆனால் ஹார்டு டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் ஏதாவது முனகும், டிக் டிக் என்று சத்தம் போடும், கோப்பு திறக்க நேரமாகும். எஸ்எஸ்டி பல நேரம் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரு காலையில் காணாமல் போகிறது. லேப்டாப்புக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில் தெரியாமல் அழித்ததை மீட்பதும் கடினம். அழித்த இடங்களை அதுவே பின்னணியில் துடைத்துத் தயாராக வைத்துக்கொள்ளும். மேலும் அது மின்னூட்டமாக எழுதி வைக்கும் பொருள். மின்சாரம் காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் வைத்தால் மெல்ல மெல்ல மங்கும். பென்டிரைவும் அதே ஜாதிதான், தரம் இன்னும் குறைவு. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் "2 டிபி பென்டிரைவ்" பக்கமே போகாதீர்கள். அதில் பல போலி. உள்ளே 32 ஜிபியோ 64 ஜிபியோதான் இருக்கும், நிறைந்த பிறகும் ஏற்றுக்கொள்வதுபோலக் காட்டிக்கொண்டே பழையதன்மேல் எழுதிக்கொண்டிருக்கும்.

சரி, ஒரு ஜோடி டிஸ்க் வாங்கியாயிற்று. அதோடு முடிந்துவிடவில்லை. இங்கேதான் எனக்கு ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பசுந்தேயிலை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்பும் ஒரு இலை ஏஜென்ட். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகளின் இலை எடை, முன்பணம், உரக்கடன் எல்லாம் அவருடைய கம்ப்யூட்டரில் இருந்தன. பொறுப்பான மனிதர், தினமும் இரவு இன்னொரு டிஸ்கில் நகல் எடுப்பார். டிஸ்கைக் கழற்றி மாட்டுவது தொல்லை என்று அதைக் கம்ப்யூட்டரிலேயே சொருகி வைத்திருந்தார். ஒரு மே மாத மாலை, கோடை மழை இடியோடு இறங்கியது. பக்கத்தில் எங்கோ விழுந்த மின்னல் ஒயர் வழியாக உள்ளே வந்து மதர்போர்டையும் உள்ளே இருந்த டிஸ்கையும் வெளியே சொருகியிருந்த டிஸ்கையும் ஒரே நொடியில் எரித்துவிட்டது. இரண்டு டிஸ்கையும் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போய்க் காட்டினோம். ஒன்றிலிருந்து பாதி கிடைத்தது, அதற்கு முப்பதாயிரத்துக்கு மேல் ஆனது. மீதியை விவசாயிகளின் கையில் இருந்த துண்டுச் சீட்டுகளை வைத்துத் திரும்ப எழுதினார். சீட்டைத் தொலைத்த பாட்டிமார்களிடம் "நீங்களே சொல்லுங்கம்மா எவ்வளவுன்னு" என்று கேட்டு, அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டார். அந்த ஒரு மாதம் அவர் தூங்கவில்லை.

அவரிடம் இரண்டு நகல் இருந்தது, டீச்சர். ஆனால் இரண்டுக்கும் ஒரே தலைவிதி. நான் உங்களுக்குச் சொல்ல வருவது இதைத்தான். எத்தனை நகல் என்பதைவிட, ஒன்றுக்கு நேருவது மற்றொன்றுக்கும் சேர்ந்து நேராமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பிளக் பாயின்டில் இருந்தால் ஒரே மின்னல், ஒரே பீரோவில் இருந்தால் ஒரே திருடன், ஒரே வீட்டில் இருந்தால் ஒரே மண்சரிவு. 2009 நவம்பர் மண்சரிவை நம் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடுகள் சரிந்து போயின, சாலையும் ரயில் பாதையும் துண்டாகின. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நம் வீடுகள் சரிவில் நிற்கின்றன. அதை மனதில் வைத்துத்தான் இங்கே பேக்கப் பற்றி யோசிக்க வேண்டும்.

பெரிய கம்பெனிகளுக்கும் இது நடக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் ஓவிஎச் என்ற நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து எரிந்தது. அதே வளாகத்தில் பேக்கப்பையும் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலர் இரண்டையும் இழந்தார்கள்.

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர், புகைப்படக்காரர்களுக்காகச் சொல்லிப் பிரபலமாக்கிய கணக்கு ஒன்று உண்டு: 3-2-1. மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைப் பொருள்களில், ஒன்று வேறு இடத்தில். இந்தத் துறையில் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள், நானும் இதைத்தான் சொல்வேன். ஆனால் மலையில் இருப்பவர்களுக்குக் கடைசி 1-ஐத்தான் அழுத்திச் சொல்கிறேன். ஒரு நகல் கீழே இருக்க வேண்டும். மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ திருப்பூரோ, நம்பிக்கையான அக்கா தங்கை வீடு, சித்தப்பா வீடு, எங்காவது.

அது கூகுள் டிரைவாகவே இருக்கலாமே என்று தோன்றும். நீங்கள் சொன்ன நெட்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேலே ஏற்றும் வேகம் நொடிக்கு 5 மெகாபிட் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 180 ஜிபி போய்ச்சேர 80 மணி நேரம், அதாவது மூன்று நாளுக்கும் மேல் இரவும் பகலும் நிற்காமல் ஓட வேண்டும். போன் ஹாட்ஸ்பாட்டில் தினம் 2 ஜிபி என்றால் 90 நாள், வேறு எதற்கும் போனைத் தொடக்கூடாது. கூகுள் இலவசமாகத் தருவதும் 15 ஜிபிதான், அதை ஜிமெயிலும் போட்டோவும் பங்குபோட்டுக்கொள்ளும். ஆனால் கோத்தகிரியில் பஸ் ஏறினால் 33 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்தில் உங்கள் 180 ஜிபியும் மேட்டுப்பாளையத்தில் இருக்கும். எந்த ஃபைபர் இணைப்பும் நம் லைன் வீட்டுக்கு அந்த வேகத்தைத் தராது.

இதைச் சும்மா சொல்லவில்லை. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியபோது, மெர்ஸ்க் என்ற டென்மார்க் கப்பல் நிறுவனம் முடங்கிப்போனது. மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையம்கூட அன்று நின்றது. அவர்களுடைய வலையமைப்பில் யார் யாருக்கு எதற்கு அனுமதி என்ற குறிப்பை வைத்திருக்கும் சர்வர்கள் 150 வாக்கில் இருந்தன. ஒன்று கெட்டால் மற்றொன்று இருக்கும் என்றுதான் 150 இடத்தில் வைத்திருந்தார்கள். எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் எல்லாமே ஒன்றாக அழிந்தன. ஒன்றே ஒன்று தப்பியது. அது ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் இருந்தது. வைரஸ் வந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை, சர்வர் அணைந்து கிடந்தது. அதிலிருந்து லண்டனுக்கு நெட் வழியாக அனுப்பப் பார்த்தார்கள், நாள் கணக்கில் ஆகும் என்று தெரிந்தது. கானா ஊழியர்களிடம் பிரிட்டன் விசா இல்லை. கடைசியில் ஒருவர் டிஸ்கை எடுத்துக்கொண்டு நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் லண்டனுக்குக் கொண்டுபோனார். அதை வைத்துத்தான் அந்த நிறுவனம் எழுந்து நின்றது. நம் ஊரில் கரண்ட் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கானா சர்வர் நினைவுக்கு வரும். கழற்றி, அணைத்து வைத்த ஒரு நகலை எந்த வைரஸாலும் தொட முடியாது.

வைரஸ் என்றதும் ஒரு வேண்டுகோள். நம் பக்கம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்து கடைக்கு வரும் கம்ப்யூட்டர்களில், நான் பார்த்தவரை, பாதிக்கு மேல் "கிராக்" செய்த சாஃப்ட்வேர் போட்டவை. பைசா கொடுக்காமல் போட்டோ எடிட் செய்ய நினைத்து இருபது வருடக் கல்யாண ஆல்பங்களை இழந்த ஒரு ஸ்டூடியோக்காரரை எனக்குத் தெரியும். அந்த வைரஸ், சொருகியிருக்கும் எல்லா டிஸ்கையும் சேர்த்தே பூட்டும். டிரைவ் ஆப் போட்டிருந்தால் பூட்டிய கோப்பைத்தான் அது ஒழுங்காக மேலே ஏற்றி வைக்கும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே கெட்டால் அங்கேயும் கெடும். அதற்கு ஒத்திசைவு என்று பெயர், பேக்கப் என்று பெயரில்லை. அழித்த கோப்பு டிரைவின் குப்பைக் கூடையில் 30 நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால் தப்பிக்கலாம். இரண்டு வருடம் திறக்காமல் விட்ட கணக்கை கூகுள் நீக்கவும் செய்யலாம். அதனால் டிரைவ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்கேன் செய்த காகிதங்களும், பேச்சைக் கேட்டு நீங்கள் எழுதிய எழுத்துப் படிகளும் அளவில் சின்னவை. அவற்றுக்கு அது நல்ல இடம். மூல ஒலிப்பதிவுகளுக்கு டிஸ்க்தான்.

இப்போது உங்களுக்கு நான் அமைத்துத் தருவதாக இருந்தால் எப்படிச் செய்வேன் என்று சொல்கிறேன்.

இருக்கும் டிஸ்குக்கு 'அ' என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். புதிதாக இரண்டு டிஸ்க் வாங்கி 'ஆ', 'இ' என்று ஒட்டுங்கள். இரண்டையும் வேறு வேறு கம்பெனியாக வாங்குங்கள், ஒரே தொகுப்பில் செய்த டிஸ்குகள் ஒரே காலத்தில் கெடுவதைப் பார்த்திருக்கிறேன். 'அ' நீங்கள் தினம் வேலை செய்வது. 'ஆ' வீட்டில், வேறு அறையில், கழற்றி வைத்தது. 'இ' கீழே.

பதிவுக்குப் போய் வந்த அன்றே ரெக்கார்டரிலிருந்து 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் ஏற்றுங்கள். இரண்டிலும் ஏறி, திறந்து கேட்டுப் பார்க்கும்வரை ரெக்கார்டரில் இருக்கும் மெமரி கார்டை அழிக்கவே கூடாது. இந்த ஒரு பழக்கம் பல பேரைக் காப்பாற்றியிருக்கிறது. கீழே போகும் டிஸ்குக்கு நாள் குறிக்கத் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை, பள்ளிக்கூடமே குறித்துக் கொடுத்திருக்கிறது. காலாண்டு விடுமுறை, அரையாண்டு விடுமுறை, பொங்கல், மே மாதம். ஊருக்குப் போகும்போது புதுப்பித்த 'ஆ'வை எடுத்துப்போய் அங்கே வைத்துவிட்டு, பழைய 'இ'யைக் கொண்டுவாருங்கள். அடுத்த தடவை மாற்றி. மூன்று டிஸ்கும் ஒரே மேஜையில் ஒரு நாளும் சேரக்கூடாது, அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

"அடிக்கடி என்றால் எவ்வளவு அடிக்கடி" என்று எல்லோரும் கேட்பார்கள். எத்தனை நாள் வேலையை இழந்தால் உங்களால் தாங்க முடியும், அந்த இடைவெளிதான். இலை ஏஜென்டுக்கு ஒரு நாள். டேலியில் கணக்கு எழுதுபவர்கள் கடை மூடும் முன் அதிலேயே இருக்கும் பேக்கப் கட்டளையைக் கொடுத்துவிட்டுப் போகலாம், இரண்டு நிமிட வேலை. உங்களுக்குப் பதிவு எடுக்கும் ஒவ்வொரு நாளும். ஏனென்றால் உங்கள் கோப்புகளைத் திரும்பச் செய்ய முடியாது. இலைக் கணக்கைச் சீட்டு வைத்துத் திரும்ப எழுதினோம். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, 1968-ல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த கதையைச் சொன்ன ஒரு பெரியவர் போன வருடம் இறந்திருந்தால், அவருடைய குரல் உங்கள் டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எழுதினார்கள். அந்த எண் புத்தகத்தில் இருக்கிறது, எப்போதும் இருக்கும். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பேர் வாங்கிய காலையைப் பற்றி ஒரு பாட்டி சொன்னதும், காமன் கூத்துப் பாட்டை நடுவில் மறந்து நிறுத்தி, மறுபடி எடுத்துப் பாடியதும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அதே காரணத்தால் எதையெல்லாம் நகலெடுக்க வேண்டாம் என்பதும் தெளிவாகிவிடும். விண்டோஸ், சாஃப்ட்வேர், இறக்கிய படங்கள், இவையெல்லாம் திரும்பக் கிடைக்கும். விட்டுவிடுங்கள்.

நகலெடுக்க எதைப் பயன்படுத்துவது என்றால், ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச சாஃப்ட்வேர் உங்களுக்குப் போதும். இரண்டு டிஸ்கையும் ஒப்பிட்டு, புதியதை மட்டும் எடுத்துப் போடும். அதில் 'அப்டேட்' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். 'மிரர்' வேண்டாம். மிரர் என்பது கண்ணாடி மாதிரியே, இந்தப் பக்கம் நீங்கள் தெரியாமல் அழித்ததை அந்தப் பக்கமும் அழித்துவிடும். விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளை தெரிந்தவர்கள் அதில் மிரர் கட்டளை கொடுக்கும்போதும் இதே எச்சரிக்கை. மூலம் எது, நகல் எது என்பதை மாற்றிக் கொடுத்து, காலி டிஸ்கை மூலமாக்கி எல்லாவற்றையும் துடைத்தவர்கள் உண்டு. எழுத்து வேலைகளுக்கு விண்டோஸிலேயே ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது, மேக்கில் டைம் மெஷின் இருக்கிறது. இரண்டும் ஒரு கோப்பின் பழைய வடிவங்களையும் சேர்த்து வைக்கும், நேற்று சரியாக இருந்த பக்கத்தை இன்று கெடுத்துவிட்டால் நேற்றைக்குப் போகலாம்.

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள். 2023-05-14 என்று இருந்தால் தானாகவே காலவரிசையில் நிற்கும். "பாட்டி புதுசு", "பாட்டி புதுசு 2" என்று இருந்தால் எது எங்கே ஏறியது என்று பத்து வருடம் கழித்து உங்களுக்கே தெரியாது. பதிவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பதைப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். படத்தையும் வீடியோவையும் அது சுருக்கிவிடும்.

நம் ஊரின் ஈரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், சமவெளியில் எழுதுபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். ஜூனிலிருந்து நவம்பர்வரை மூடுபனியும் மழையுமாக இருக்கும் மாதங்களில் கேமரா லென்சில் பூஞ்சை படிவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய வீடியோ கேசட்டைத் திறந்தால் நாடாவில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். டிஸ்க்கும் ஈரத்தை விரும்பாது. ஹார்டு டிஸ்க்கில் காற்று போய்வர வடிகட்டியோடு ஒரு சிறு துளை இருக்கும். ஈரப்பதம் அதிகமாக இருந்தால்கூடச் சமாளிக்கும், ஆனால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளக் கூடாது. குளிரில் பஸ்ஸில் கொண்டுவந்த டிஸ்கைச் சூடான அறைக்குள் வந்ததும் சொருகாதீர்கள். பையிலேயே ஒரு மணி நேரம் இருந்து அறைச்சூட்டுக்கு வரட்டும். வைக்கும்போது காற்றுப் புகாத டப்பாவில், ஷூ பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வேண்டாம், மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும். அடுப்புக்கு மேலே இருக்கும் பரணும் வேண்டாம்.

கரண்ட் விஷயத்தில் ஒரு சின்ன யுபிஎஸ் இருந்தால் நல்லது. காற்றடிக்கும் மாதங்களில் கற்பூர மரக்கிளை ஒயரில் விழுந்து போய்ப் போய் வரும்போது, நகலெடுத்துக்கொண்டிருக்கும் டிஸ்க் பாதியில் அறுந்து கோப்பு அமைப்பே குழம்பிவிடலாம். லேப்டாப் என்பதால் உங்களுக்குப் பேட்டரி இருக்கிறது, அதில் சார்ஜ் இருக்கட்டும். இடி கேட்டால் எல்லாவற்றையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. நெட் ஒயரையும் சேர்த்து.

அடுத்தது நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது. எடுத்த நகலைத் திறந்து பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தில், இரவில் களைத்துப்போன ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். 300 ஜிபி அளவு தரவுத்தளம் போயிற்று. ஐந்து விதமாகப் பேக்கப் எடுக்கும் ஏற்பாடு அவர்களிடம் இருந்தது, தேடிப் போனால் ஒன்றும் சரியாக வேலை செய்திருக்கவில்லை. நல்லவேளையாக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் வேறு வேலைக்காகக் கையால் எடுத்து வைத்திருந்த நகலை வைத்து மீண்டார்கள். நடந்ததை மறைக்காமல் ஊருக்கே எழுதினார்கள், அதற்காக அவர்களை மதிக்கிறேன். கம்ப்யூட்டரே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கே இந்தக் கதி. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கீழேயிருந்து வந்த டிஸ்கை உங்கள் லேப்டாப்பில் இல்லாமல் பள்ளியில் இருக்கும் வேறொரு கம்ப்யூட்டரில் சொருகுங்கள். ஏதாவது ஐந்து பதிவை எடுத்து, ஆரம்பம், நடு, கடைசி என்று கேளுங்கள். கோப்பின் பெயர் திரையில் தெரிவதால் உள்ளே குரல் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

லேப்டாப் புதியது என்றால் இன்னொன்றையும் பாருங்கள். விண்டோஸ் 11 வரும் பல லேப்டாப்களில் பிட்லாக்கர் பூட்டு தானாகவே போடப்பட்டிருக்கும். போர்டு கெட்டு டிஸ்கைக் கழற்றிப் படிக்க வேண்டி வந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றே பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். சாவி இல்லாமல் என்னிடம் கொண்டுவந்தவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் பிறகு ஒரு நாள் டிஸ்க் டிக் டிக் என்றால், அந்த நொடியே நிறுத்துங்கள். திரும்பத் திரும்பச் சொருகிப் பார்ப்பது, தட்டிப் பார்ப்பது, திருகாணியைக் கழற்றித் திறப்பது எதுவும் வேண்டாம். மீட்கும் சாஃப்ட்வேரை அதே டிஸ்கில் இறக்கவும் வேண்டாம். மூன்று டிஸ்க் இருந்தால் அந்த நாள் உங்களுக்குச் சாதாரண நாளாகப் போகும், புதிது ஒன்று வாங்கி நிரப்பிக்கொள்வீர்கள்.

கடைசியாக, கீழே போகும் டிஸ்கைப் பற்றி ஒன்று. அதில் நீங்கள் ஸ்கேன் செய்த குடும்ப அட்டை, பாஸ்போர்ட், பிறந்த தேதி, கைரேகை எல்லாம் இருக்கின்றன. அந்த மக்கள் சாதிச் சான்றிதழ் வாங்கவும் பட்டா கேட்கவும் இன்றைக்கும் நீட்டும் காகிதங்கள் அவை. உங்களை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் 'ஆ', 'இ' இரண்டையும் வெராகிரிப்ட் என்ற இலவச சாஃப்ட்வேரால் பூட்டுங்கள். கடவுச்சொல்லை மறந்தால் அதைச் செய்தவர்களாலும் திறக்க முடியாது. காகிதத்தில் எழுதி உறையில் ஒட்டி, டிஸ்க் இருக்கும் வீட்டில் இல்லாமல் வேறொரு உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். குரல் பதிவுகளை அப்படி ஒளிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பெரியவரின் பதிவையும் அவருடைய பிள்ளைகளுக்கு ஒரு பிரதி கொடுங்கள். அவர்களுக்குச் சேர வேண்டியதுதான் அது, அதோடு நாலைந்து ஊர்களில் உங்களுக்குத் தெரியாமலே நாலைந்து நகல் இருக்கும்.

முதல் நகலுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துத் தள்ளிப்போட வேண்டாம். சொருகும் இடம் உள்ளே நீல நிறமாக இருந்தால் அது பெரும்பாலும் வேகமான யுஎஸ்பி 3, 180 ஜிபிக்கு ஒரு மணி நேரம் போதும். கருப்பாக இருந்தால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், மழை பிடிக்கும் முன், லேப்டாப்பை சார்ஜில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.